‘இனிமே நீதான் ஆம்பள’ என்று நான்தான் சொன்னேன். அதிலிருந்து பையன் பேசுவதில்லை

கேள்வி: அஞ்சாப்பு டீச்சர்

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருட சர்வீஸ். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். ஊர், பள்ளி, பையன் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பா ஜூன் கடைசியில் பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோனார். பையனுக்குப் பத்து வயது. தங்கை ஒன்றாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் இது புதுச் செய்தி இல்லை. ‘மருந்து உராய்வு காரணமாக’ என்று பேப்பரில் நாலு வரி வரும், அடுத்த நாள் வேறு செய்தி. பையனுடைய அப்பாவை எனக்கு நேரில் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர், பேச்சு முடிவதற்குள் எழுந்து போய் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைச் சரி பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த மாதிரி மனுஷன்.

துக்கத்துக்கு நானும் எங்கள் தலைமையாசிரியரும் போனோம். பையன் கொள்ளி வைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. பெரிய ஆள் வேட்டி ஒன்றை ரெண்டு மடிப்பாக மடித்து இடுப்பில் சுற்றிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உதடு துடித்தது. அழப்போகிறான் என்று தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “அழக் கூடாதுப்பா. இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள. அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கிடணும்.”

எச்சிலை விழுங்கினான். அழவில்லை. “டீச்சர் சொன்னதும் கேட்டுக்கிட்டான் பாரு” என்று பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி சொன்னாள். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் முடிந்து பள்ளிக்கு வந்தான். அன்றிலிருந்து இன்றுவரை, ஏழு வாரம், என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாரும் ‘உள்ளேன் டீச்சர்’ என்பார்கள், இவன் கையை மட்டும் தூக்குகிறான். எழுதச் சொன்னால் எழுதுகிறான். கணக்குச் சரியாகப் போடுகிறான். மதியம் பையன்களோடு ஓடுவதில்லை, தங்கை சாப்பிட்டாளா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறான்.

அவன் அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் பேசுகிறானாம், ஆனால் பிள்ளை மாதிரி இல்லையாம். “இன்னைக்கு என்ன செலவாச்சு”ன்னு கேக்கான் டீச்சர், என்கிறார். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறான். பந்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டானாம். ராத்திரி கதவைச் சாத்தி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறானாம். அவன் அப்பா அப்படித்தான் செய்வாராம். இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் சொன்னதை அவன் வரிக்கு வரி செய்துகொண்டிருக்கிறான்.

நானும் சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியர் அறைக்குத் தனியாக அழைத்து, “ஏம்ப்பா பேச மாட்டேங்கிற, டீச்சர்கிட்ட சொல்லு” என்று கேட்டேன். சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன், தங்கைக்குக் கொண்டுபோய்விட்டான். ‘எங்கள் வீடு’ என்று படம் வரையச் சொன்னேன், வெறுந்தாளை மேசையில் வைத்தான். போன வாரம் பொறுமை போய், வகுப்பில் எல்லார் முன்னாலும், “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

நான் என்ன செய்ய வேண்டும்? சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா?


பதில்: நல்லதே நடக்கும்

டீச்சர், ரொம்ப யோசிக்காதீங்க. பிள்ளைகள் மனசு தண்ணி மாதிரி, தானா தெளிஞ்சிடும். குலதெய்வக் கோயிலில் ஒரு முடிக்கயிறு கட்டச் சொல்லுங்க. நாலு பேர் பேசிக்கிட்டே இருந்தா சரியாகிடும்.


பதில்: கரையோரம்

மேலே எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். கயிறு கட்டட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘நாலு பேர் பேசிக்கிட்டே இருந்தா’ என்கிற இடத்தில் நிற்கிறேன். அந்தப் பையனிடம் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பேசி முடித்திருப்பார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தொழிலுக்கு வந்ததே சுனாமியால்தான். 2005 ஜனவரியில் நாகப்பட்டினம் முகாம் ஒன்றில் தன்னார்வலராகப் போய்ச் சேர்ந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். முகாமில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அம்மா போய்விட்டாள். யார் முகாமுக்கு வந்தாலும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “என்னம்மா பாத்தே, அம்மா எப்படிப் போனாங்க” என்று கேட்பார்கள். பத்திரிகைக்காரர்கள், அதிகாரிகள், வெளியூர்க்காரர்கள். ரெண்டு வாரத்தில் அவள் அதை மனப்பாடச் செய்யுள் போல ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே தாளம், ஒரே இடத்தில் மூச்சு. முடித்துவிட்டு, “போட்டா எடுக்கணுமா?” என்று கேட்பாள். நானும் கேட்டவன்தான். நான் பத்தாவதா பதினொன்றாவதா என்று தெரியாது.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா ஒருவர்தான், “கேள்வியை நிறுத்து, வேலையைக் கொடு, பக்கத்தில் உட்கார்” என்றார். முகாமில் சமையலுக்கு அரிசி புடைக்கும் இடத்தில் அவளோடு உட்கார்ந்து கல் பொறுக்கினேன். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள், தலையைத் தூக்காமல், “எங்கம்மா குழம்புல புளி கம்மியாத்தான் போடும்” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் அவள் அம்மா இருந்தாள். ஒப்பித்தாளே, அதில் அலைதான் இருந்தது.

பின்னால், 2011-ல் உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவி பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்று மூன்றே சொல். நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதே என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதைப் படித்தபோது அரிசி மூட்டைதான் ஞாபகம் வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா என்றால், நீங்கள் மட்டும்தான் எடுக்க முடியும். நான் வந்தாலும் முடியாது, வேறு யார் வந்தாலும் முடியாது. அவன் இப்போது செய்துகொண்டிருப்பது டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். கொடுத்தவரே வந்து ‘போதும்’ என்று சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? தலைமையாசிரியர் அறை வேண்டாம். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்த அறை என்றால் ஒன்று அடி, இல்லை கெட்ட செய்தி. எதிரெதிரே உட்கார வேண்டாம், முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது பெரியவர்களுக்கே கஷ்டம். பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து, கைக்கு ஒரு வேலையோடு. நோட்டுக்கு லேபிள் ஒட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, ஏதோ ஒன்று. அப்புறம் சுருக்கமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, நீ சின்னப் பையன், வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரியவங்க வேலை, அழுகை வந்தா அழலாம். இவ்வளவுதான். நீங்கள் அங்கே அழ வேண்டாம். அழுதால் உங்களையும் அவன்தான் தேற்ற வேண்டியிருக்கும். ‘சரியா? புரிஞ்சுதா? கோவம் போயிடுச்சா?’ என்று கேட்கவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ரசீதுக்கு நிற்காதீர்கள்.

வகுப்பு முன்னால் கேட்ட கொழுக்கட்டைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதை வகுப்பு முன்னாலேயே சொல்ல வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அடித்தால் குற்றம் என்று எல்லா டீச்சர்களுக்கும் தெரிகிறது, சொல்லுக்கு அந்தக் கணக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பள்ளியில் ‘ஏன்’ என்பது கேள்வியே இல்லை, குற்றப்பத்திரிகை. ஏன் லேட்டு, ஏன் எழுதலை, ஏன் பேசலை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: “மதியம் தங்கச்சியப் போய்ப் பார்த்துட்டு வந்தியே, பார்த்தேன்.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்கிற அம்மையார் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கினதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காதவர்களும் திறந்தார்கள். அது பாடக் கேள்விக்கு. துக்கத்துக்கு எத்தனை விநாடி என்று யாரும் அளந்ததாக நான் படிக்கவில்லை. மனதுக்குள் இருபது எண்ணுங்கள்.

இன்னொன்று. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு” என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள். அவனுக்கு ஆபத்தான ஒன்றைச் சொன்னால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். “உனக்கு உதவி வேணும்னா மட்டும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வேற ஆள்கிட்ட சொல்வேன்” என்பது நேர்மையான வாக்கு.

தூக்கம் கெட்டுப்போனால், சாப்பாடு நின்றால், ‘நானும் அப்பாகிட்ட போறேன்’ என்கிற பேச்சு வந்தால் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்கிற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.


பதில்: வன்னி ரீச்சர்

வணக்கம். நான் முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கிறேன். உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசித்தேன்.

எங்கட வகுப்புகளில் 2009-க்குப் பிறகு, இழப்பு இல்லாத பிள்ளை எது என்று தேடத்தான் வேணும். முகாமால் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் பள்ளிக்கூடம் தொடங்கின நேரம், உளவளத்துணைப் பயிற்சி என்று எங்களுக்கும் தந்தவை. நல்ல பயிற்சி. ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளையோட தனித்தனியே இருந்து கதைக்கிறதுக்கு எந்த ரீச்சருக்கு நேரம்? கரையோரம் ஐயா சொல்கிற அரிசி மூட்டை எனக்கு விளங்குது. எங்களிட்ட அரிசியும் இல்லை, ஐந்து நாளும் இல்லை.

நான் கண்டது, பிள்ளைகள் ரீச்சரிட்டைச் சொல்லாததைப் பிள்ளைகளிட்டைச் சொல்லுவினம். ஒரு பெடியன் மூன்று மாதம் வாய் திறக்கேல்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையை இருத்தி, ‘இவனுக்கு அ, ஆ சொல்லிக் குடு’ என்று விட்டேன். சொல்லிக் குடுக்க வாய் திறக்கத்தானே வேணும். அப்படித்தான் திறந்தான். உங்கட பெடியனுக்கும் ஏதாவது பொறுப்புக் குடுத்துப் பாருங்கோ.

மற்றது, செத்தவரைச் ‘செத்துப் போனார்’ என்றே சொல்லுங்கோ. ‘நித்திரையாகிட்டார்’, ‘தூரப் போயிட்டார்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளை ஒன்று இரவில் நித்திரை கொள்ளவே பயந்தது எனக்குத் தெரியும். அது ஆறு வயதுப் பிள்ளை. உங்கட பெடியனுக்குப் பத்து என்றபடியால் விளங்கும். தங்கச்சியைக் கவனியுங்கோ.


பதில்: சைக்கிள்கடைப் பையன்

வன்னி டீச்சருக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். பொறுப்பு வேண்டாம். இந்தப் பையனுக்கு வேண்டவே வேண்டாம்.

நான் டீச்சரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. அப்பா போனபோது ஒன்பது. எனக்கும் அதே வசனம் சொன்னார்கள், சொன்னது தாய்மாமா. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, “இனிமே நீதான்டா மாப்ள எல்லாம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு அரிசி வாங்கிப் போட்டவர். ஆனால் அந்த ‘எல்லாம்’ என்பது எவ்வளவு என்று ஒன்பது வயதுக்குத் தெரியாது இல்லையா? நான் ராத்திரி அம்மா மூச்சு விடுகிறாரா என்று மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். வருடக்கணக்காக. கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான் என்று டீச்சர் எழுதியதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

பள்ளியில் எனக்கும் பொறுப்பு கொடுத்தார்கள். வகுப்புத் தலைவன், சாவிக்கொத்து, சாக்பீஸ் டப்பா. எல்லாரும் மெச்சினார்கள். நான் யாரையாவது போய் அடித்துவிட்டு மண்ணில் புரள வேண்டும் போல இருக்கும். சாவி வைத்திருக்கிறவன் அதைச் செய்ய முடியாது.

எனக்கு உதவியது ஒரு சார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே நடந்து வந்தார். “உங்கப்பா கடையில ஒரு தடவை காத்தடிக்க நிறுத்தினேன். காசு கொடுத்தேன், காத்துக்கு எதுக்கு சார் காசுன்னு திருப்பிக் கொடுத்துட்டார்” என்றார். சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அப்பா செத்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றைக் கொடுத்தது அவர் மட்டும்தான். எனக்குத் தெரியாத ஒரு அப்பா. முப்பது வருடம் கழித்தும் அது என்னிடம் இருக்கிறது.

டீச்சர், நீங்கள் குழாய் சரி பண்ணின கதையை எங்களுக்குச் சொன்னீர்களே. அவனிடம் சொன்னீர்களா?


பதில்: வன்னி ரீச்சர்

தம்பி, நீங்கள் சொல்கிறது சரி. நான் பொறுப்பென்று சொன்னது அவனுக்கு இன்னொரு சுமை. என்ர பெடியனுக்கு ஒன்றுமே மிஞ்சேல்லை, அவனுக்கு ஏதாவது கையில் வேண்டியிருந்தது. இவனுக்குக் கை நிறைஞ்சு போய் இருக்கு. ரெண்டும் ஒன்றில்லை.


பதில்: ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

எல்லாரும் சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். நல்லது. நான் அரிசிப் பானையைப் பற்றிப் பேசுகிறேன். ‘வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரியவங்க வேலை’ என்று டீச்சர் சொல்லிவிட்டு வருவார், சாயங்காலம் அவன் உருட்டுகிற குழாய்க் கூலியில்தான் பால் வாங்க வேண்டும் என்றால் அந்தச் சொல்லை அவன் எப்படி நம்புவான்?

இரண்டு காரியம் உடனே. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் அந்தப் பிள்ளைக்காக வைப்புத் தொகையாகப் போடும் திட்டம் பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை நகல் எல்லாம் வைத்துத் தலைமையாசிரியர்தான் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ரெண்டாவது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கணவரை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு, படிப்பு நிற்காமல் இருக்க, மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு. கிராமம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அங்கே போக அந்த அம்மாவுக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டும், பையனை அழைத்துக்கொண்டு போகக் கூடாது.

வழி தெரியாவிட்டால் 1098, குழந்தைகள் உதவி எண். அந்த நம்பரும் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-ம் உங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்காக ஒட்டியது, டீச்சரும் போடலாம்.


மறுமொழி: அஞ்சாப்பு டீச்சர்

காலாண்டுத் தேர்வு வேலையில் உடனே எழுத முடியவில்லை. மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கொழுக்கட்டைக்கு வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “போன வாரம் நான் ஒருத்தரைப் பார்த்து ஒன்னு சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. அது தப்பு, நான் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். ஒரு பயல் எழுந்து, “பரவால்ல டீச்சர்” என்றான். அவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். இவன் தலை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான்.

மற்றதைச் சொல்ல மூன்று நாள் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் மதியம், அவன் வகுப்பில் தனியாக இருந்தபோது விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வரிசை எண்படி அடுக்கிக் கொடு என்றேன். அடுக்கினான். பாதியில் சொன்னேன். கரையோரம் ஐயா சொன்ன மாதிரியே சுருக்கமாக. குரல் நடுங்கியது, அழவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. 17-க்கு அப்புறம் 19-ஐ வைத்தான். பிறகு எடுத்து மாற்றினான். நான் ‘சரியாப்பா?’ என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மணி அடித்தது.

குழாய்க் கதையை அதற்கடுத்த வாரம்தான் சொன்னேன். தட்டு கழுவ வந்திருந்தான். பக்கத்தில் நின்று என் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, “இந்தக் குழாயை உங்கப்பாதான் சரி பண்ணினார். கூட்டத்துல பேச்சு போய்க்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு வந்துட்டார். பைப்பு உடைஞ்சிருந்துச்சு, மாட்டிட்டுப் போனார்” என்றேன்.

“பைப்பு உடையல டீச்சர்” என்றான்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எண்ண ஆரம்பித்தேன். இருபது வரை போகவில்லை, எட்டோ ஒன்பதோ.

“வாசர்தான் போயிருந்துச்சு. எங்கப்பா டியூப வெட்டிப் போட்டாரு. என் சைக்கிள் டியூபு.”

தட்டை உதறிவிட்டுப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். சத்துணவு அக்கா, “என்ன டீச்சர், தண்ணி ஓடுது” என்று வந்து மூடினார்.

மறுநாள் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை, கைதான் தூக்கினான். இந்தப் பத்து நாளில் மொத்தம் மூன்று தடவை பேசியிருக்கிறான், மூன்றும் நான் தப்பாகச் சொன்னதைத் திருத்துவதற்கு. அதனால் இப்போது கொஞ்சம் வேண்டுமென்றே தப்பு பண்ணுகிறேன். இது சரியான முறையா என்று கரையோரம் ஐயா சொல்லட்டும். போன வெள்ளிக்கிழமை வீட்டில் அழுதானாம், காரணமே இல்லாமல், தங்கை பென்சிலை உடைத்ததற்கு. அவன் அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அழட்டும், பக்கத்தில் இருங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். அவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்.

ஹெச்.எம். ஐயாவுக்கு: 75,000 ரூபாய் விண்ணப்பம் இதுவரை போகவே இல்லை. நீங்கள் சொன்னது சரிதான். இந்த வாரம் அனுப்பிவிட்டோம். மாதம் 4,000-க்கு வருமானச் சான்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனி ரேஷன் அட்டை இல்லை, மாமனார் அட்டையில்தான் பெயர் இருக்கிறது. மாமனார் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்களா? அட்டையை முதலில் பிரிக்க வேண்டுமா, இல்லை அப்படியே விண்ணப்பிக்கலாமா? திங்கட்கிழமை அந்த அம்மாவோடு தாலுகா ஆபீஸ் போகிறேன், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.